கண்ணை மட்டும் விட்டுவிட்டு

அன்புள்ள பெற்றோருக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அட்மிஷன் போட வரும் அத்தாமார் பலர் கிளம்பும்போது என்னிடம் ஒன்று சொல்வார்கள். "டீச்சர், கண்ணை மட்டும் விட்டுட்டு எங்க வேணும்னாலும் அடிங்க. நாங்க கேக்கவே மாட்டோம்." நம்பிக்கையில் சொல்வதுதான், தெரியும். இனிமேல் அதை என்னிடமும் சொல்ல வேண்டாம், குர்ஆன் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

கோடை விடுமுறையில் கணக்கு டீச்சர் முதல் மார்க்கப் பாடமான தீனியாத் நடத்தும் ஆலிமா வரை எல்லோரும் இரண்டு நாள் உட்கார்ந்து பேசினோம். ஆசிரியர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். முதல் கையெழுத்து என்னுடையது. முழுத்தாளும் ஆபீஸ் வாசலில் ஒட்டியிருக்கிறது.

அதிக நேரம் வாதம் நடந்தது அடியைப் பற்றித்தான். "நாங்களும் பிரம்படி வாங்கித்தான் ஓதினோம், கெட்டா போயிட்டோம்?" என்று கேட்டார் மூத்த உஸ்தாத். கேட்க வேண்டிய கேள்விதான். அப்போது ஆலிமா, ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் உள்ள, நபித்தோழர் முஆவியா இப்னு ஹகம் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை எடுத்துச் சொன்னார். மார்க்கத்துக்குப் புதியவரான அவர், தொழுகையில் பக்கத்தில் ஒருவர் தும்மியதற்குச் சத்தமாகப் பதில் சொல்லிவிட்டார். எல்லோரும் முறைத்தார்கள், தொடையைத் தட்டி அடக்கினார்கள். தொழுகை முடிந்ததும் நபிகள் நாயகம் (ஸல்) அவரை அதட்டவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகையில் மனிதப் பேச்சு கூடாது என்று விளக்கினார்கள், அவ்வளவுதான். நபியவர்களைப் போல நல்ல ஆசிரியரை அதற்கு முன்னும் பின்னும் தாம் கண்டதில்லை என்று முஆவியா (ரலி) பிற்பாடு சொன்னார். உஸ்தாத் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இந்த ஹதீஸை எத்தனையோ தடவை பாடம் நடத்தியிருக்கேன்" என்றார். அவரும் கையெழுத்துப் போட்டார்.

அடித்து வளர்க்கும் பிள்ளை பொய்யும் தந்திரமும் பழகும் என்று வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் பதினான்காம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். ஓதல் பீரியடில் மட்டும் வயிற்றுவலி வரும் பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கல்வி உரிமைச் சட்டம் 2009, உடலை வருத்துவதையும் மனதை நோகடிப்பதையும் தடுக்கிறது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னதை ஒருவர் நினைவுபடுத்தினார். சரி, இருக்கட்டும். அந்தத் தீர்ப்பு அடிக்கக் கொடுத்த அனுமதி அல்ல. உங்கள் பிள்ளை எங்கள் கையில் நம்பி ஒப்படைத்த அமானிதம் என்பதைச் சொல்ல நமக்குச் சட்டம் வேண்டுமா?

அடிக்காமலும் நோகடிக்கலாம். போன வருஷம் ஃபீஸ் கட்டாத பிள்ளைகளின் பெயரை வகுப்பில் வைத்துப் படித்தோம். நான்தான் அனுமதித்தேன். ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை அதற்குப் பிறகு நான்கு நாள் வரவில்லை. அந்த அம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். மாணவரின் தவறைக்கூடக் குறிப்பாகத்தான் உணர்த்த வேண்டும், பட்டவர்த்தனமாகப் போட்டுடைக்கக் கூடாது என்கிறார் மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி. ஃபீஸ் பாக்கி பிள்ளையின் தவறுகூட இல்லையே. இனி அது உங்களுக்கும் ஆபீஸுக்கும் இடையில்தான்.

இன்னொரு பழக்கத்தையும் விடுகிறோம். விருந்தாளி வந்தால் அழகாக ஓதும் அதே மூன்று பிள்ளைகளை முன்னால் நிறுத்துவோம். 'ஐன்' என்ற அரபி எழுத்து தொண்டையில் வராத பிள்ளை கடைசி வரிசையிலேயே இருக்கும். மக்காவின் குறைஷித் தலைவர்களோடு நபி (ஸல்) பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பார்வையில்லாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்ததற்கு முகம் சுளித்ததைக் கண்டித்து நபிக்கே இறங்கியது குர்ஆனின் 'அபஸ' சூரா (அத்தியாயம்). அதை மனப்பாடம் செய்யவைக்கும் நாமே கடைசி வரிசையை மறந்துவிடுகிறோம்.

அன்பளிப்பு விஷயம் உங்களையும் சேர்த்தது. பெருநாளுக்குச் சட்டைத்துணி, கவர் எதுவும் ஆசிரியர்களுக்குக் கொடுக்க வேண்டாம். கூலிக்கு மேல் பிள்ளைகளிடம் எதையும் கேட்கக் கூடாது, அவர்களைச் சொந்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்று ஒன்பதாம் நூற்றாண்டில் துனிசியாவின் கைரவானில் இருந்த அறிஞர் இப்னு ஸஹ்னூன் ஆசிரியர்களுக்கென்றே எழுதிவைத்தார். ஆக, டீ வாங்கிவரப் பிள்ளையை அனுப்புவதும் நின்றது. தன் வகுப்புப் பிள்ளைக்கே காசு வாங்கி டியூஷன் எடுப்பதும் நின்றது. (குர்பானிக் கறியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.)

'இதெல்லாம் துன்யா (உலக) படிப்பு' என்று அறிவியலை மட்டம் தட்டுவதும், ஓதலைக் கேலி செய்வதும் இரண்டு பக்கமும் இனி இல்லை.

செல்போன் பற்றி: எந்த ஆசிரியரும் உங்கள் பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் அனுப்ப மாட்டார், உங்கள் எண்ணுக்குத்தான் அனுப்புவார். பிள்ளை ஓதும் வீடியோவை உங்களைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் வைக்க மாட்டார். தனியாகப் பாடம் கேட்கும் அறையின் கதவு திறந்தே இருக்கும். தப்பான தொடுகை என்று பிள்ளை சொன்னால், 'உஸ்தாத் பேரு கெட்டுடும், ஜமாஅத்துல தெரிஞ்சிடும்' என்று தயவுசெய்து மூடி மறைக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இன்படி போலீஸுக்குத் தெரிவிப்பது எங்கள் கடமை, அதை நாங்கள் செய்வோம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ நீங்களோ பிள்ளையோ நேரடியாகவும் அழைக்கலாம்.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, கீழ்த்தள ஹாலில் கூடுகிறோம். அம்மாமாரை மட்டும் அனுப்பாமல் அத்தாமாரும் வாருங்கள். வர முடியாதவர்கள் எழுதிக் கொடுங்கள். பெயர் இல்லாவிட்டாலும் படிப்பேன், பெயர் இருந்தால் பதில் தருவேன்.

வஸ்ஸலாம்,
தலைமையாசிரியர்
சென்னை