உயிரைப் பணயம் வைத்த படம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், தென்னாப்பிரிக்காவின் தனியார் வனவிலங்குக் காப்பகம் ஒன்றில் எடுக்கப்பட்ட சிறுத்தைப் படத்தை முக்கால் பக்க அளவில் வெளியிட்டு, அதன் கீழே 'உயிரைப் பணயம் வைத்து எடுத்த படம்' என்று குறிப்பு எழுதியிருந்தீர்கள். படம் அருமை, அச்சும் நன்றாக வந்திருந்தது. உடலில் ரோஜா இதழ்களை அடுக்கியது போன்ற புள்ளிகள் உள்ளதைச் சிறுத்தை என்றே சரியாக எழுதியதற்கும் நன்றி கூற வேண்டும். கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர்க் கோடு இறங்கும் சிவிங்கிப்புலியையும் சிறுத்தை என்றே எழுதிவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த ஒரு வரிக் குறிப்பு உண்மையல்ல. அது வெறும் மிகையாக நின்றுவிடாமல் நம் கோடியக்கரை வரைக்கும் வந்து கெடுதல் செய்கிறது என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மன்னார்குடியில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஸ்டுடியோ நடத்தியவன் நான். கல்யாணமும் காதுகுத்தும் எடுத்தே காலம் போனது. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் மகன், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதத்தில் என்னையும் என் மனைவியையும் க்ரூகர் தேசியப் பூங்காவுக்கும் அதன் மேற்கு எல்லையை ஒட்டிய சாபி சாண்ட் என்னும் தனியார் காப்பகத்துக்கும் அழைத்துச் சென்றான். இங்கே மேட்டூர் திறப்பை எதிர்பார்த்து நாற்றங்கால் வேலை தொடங்கும் அந்த மாதம் அங்கே குளிர்காலம், மழையற்ற காலம். புல் காய்ந்து தாழ்ந்து, குட்டைகள் வற்றி, விலங்குகள் இருக்கிற கொஞ்சத் தண்ணீரைத் தேடி வருவதால், படம் எடுக்க ஏற்ற பருவம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

க்ரூகர் அரசின் பூங்கா. ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர், அதாவது பழைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அங்கே நம் காரிலேயே நாமே ஓட்டிக்கொண்டு போகலாம்; ஆனால் சாலையை விட்டு இறங்கக்கூடாது, பொழுது சாய்வதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். சாபி சாண்ட் சுமார் 65,000 ஹெக்டேர் தனியார் நிலம். இரண்டுக்கும் இடையே இருந்த வேலியை 1993-இல் எடுத்துவிட்டதால் விலங்குகளுக்கு எல்லை கிடையாது. மனிதர்களுக்கு மட்டும் விதிகள் வேறு. தனியார் பகுதியில் மேற்கூரையில்லாத வண்டியைப் புதருக்குள்ளும் இறக்கி ஓட்டலாம், இருட்டிய பிறகும் விளக்குடன் செல்லலாம். இந்தச் சலுகைகளுக்குத்தான் அத்தனை பணமும். ஓர் ஏக்கர் சம்பாவின் கண்டுமுதலை அப்படியே விற்றாலும் இருவர் அங்கே ஓர் இரவு தங்கப் போதாது. மகன் கணக்கைச் சொல்ல மறுத்துவிட்டான். நான் விலைப்பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

முதல் நாள் காலை, வண்டியின் முன்புறத்தில் விளக்குக்கு மேலே பொருத்திய ஒற்றை இருக்கையில், கால்களைத் தொங்கவிட்டபடி தடம் பார்ப்பவர் உட்கார்ந்திருந்தார். சோங்கா மொழி பேசுபவர். வயதில் எனக்கு இளையவர். பத்து டிகிரிக்கும் கீழான குளிரில் நாங்கள் கம்பளிக்குள் சுருண்டிருக்க, அவர் மண்ணைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ஓர் இடத்தில் இடது கையை மட்டும் உயர்த்தினார். வண்டி நின்றது. இறங்கிக் குனிந்து, மணலில் பதிந்திருந்த தடத்தைச் சுற்றி ஒரு குச்சியால் கோடு போட்டு எங்களை அழைத்துக் காட்டினார். சுற்றியிருந்த மணலில் பனித்துளி விழுந்து புள்ளி புள்ளியாகப் பொரிந்திருந்தது. தடத்துக்குள் மட்டும் அந்தப் புள்ளிகள் இல்லை. பனி பெய்து முடிந்த பிறகு நடந்த கால், ஆகவே தூரம் போயிருக்காது என்றார்.

எனக்கு உடனே எங்கள் பக்கத்தில் வயல் எலி பிடிக்கும் கிட்டிக்காரர்தான் நினைவுக்கு வந்தார். வயல் வரப்பில் வரிசையாக வளைகள் இருந்தாலும், வாயில் சிலந்தி நூல் கட்டிய வளையைத் தாண்டிப் போய், புது மண் தள்ளியிருக்கும் வளைக்கு எதிரேதான் அவர் மூங்கில் கிட்டியை ஊன்றுவார். அவரும் எங்கும் படித்து வந்தவரல்லர், இவரும் அல்லர். பிறகு இம்பாலா மான்கள் ஒரே பக்கம் திரும்பி நின்று சீறுவதைக் கேட்டு, தடத்தை விட்டுவிட்டு அந்தத் திசையில் வண்டியைத் திருப்பச் சொன்னார். கொல்லையில் தவிட்டுக்குருவிகள் கூடிக் கத்தினால் பாம்பு இருக்கிறது என்று நம் வீட்டுப் பெண்கள் அறிவதும் இந்த வித்தைதான். சிறுத்தை அங்கே இருந்தது.

அது எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். என் 100-400 லென்ஸ் குவியம் கொள்ளாத அளவுக்கு வண்டியின் ஓரமாகவே நடந்து போனது. அந்தப் படங்களில் பாதி மங்கல். அதில் என் துணிச்சல் எதுவும் இல்லை. அந்தக் காப்பகத்தில் 1970-களின் இறுதியிலிருந்து தாயும் குட்டியுமாகத் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்தைகள் வண்டிக்குப் பழகி வந்திருக்கின்றன. வண்டியும் அதில் இருப்பவர்களும் சேர்ந்து அவற்றின் கண்ணுக்குத் தீங்கு செய்யாத ஒரே உருவம். எழுந்து நின்றாலோ கையை வெளியே நீட்டினாலோ அந்த உருவம் கலையும். ஆகையால் உட்கார்ந்தே இருக்க வேண்டும், மெல்லப் பேச வேண்டும், வண்டி நின்றதும் இயந்திரத்தை அணைக்க வேண்டும். ஒரு விலங்கின் அருகே மூன்று வண்டிகளுக்கு மேல் நிற்கவில்லை. நான்காவது வண்டி, வானொலியில் அழைப்பு வரும்வரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் காத்திருந்தது. அன்று மாலை அதே சிறுத்தை மான்களை நோக்கிப் பதுங்கியபோது ஓட்டுநர் பின்தொடர மறுத்துவிட்டார்; இருட்டிய பின் மான்கள்மீது விளக்கடிக்கவும் மாட்டேன் என்றார், கண் கூசி நின்றுவிட்டால் அவற்றை வேட்டைக்குக் காட்டிக்கொடுத்தது போலாகும் என்பதால். காண்டாமிருகத்தைக் கண்டபோது, படம் எடுத்த இடத்தைப் பதிவுசெய்யும் இடக்குறிப்பைக் கைப்பேசியில் அணைத்துவிட்டுப் படமெடுக்கச் சொன்னார்கள். 2014-இல் மட்டும் அந்நாட்டில் 1,215 காண்டாமிருகங்கள் கொம்புக்காகக் கொல்லப்பட்டன. ஒரு பயணி பெருமைக்காக வெளியிடும் படமே திருடனுக்கு வழி சொல்லிவிடக்கூடும்.

ஆகவே அந்தப் படத்தில் பணயம் வைக்கப்பட்டது பணம் மட்டுமே. மற்றபடி அது தடம் பார்ப்பவரின் கண்ணாலும் ஓட்டுநரின் கட்டுப்பாட்டாலும் கிடைப்பது. எங்கள் பங்கு, என் மனைவி பழைய வேட்டியில் தைத்த பையில் அங்கேயே வாங்கிய அரிசியை நிரப்பி, அதன்மேல் லென்ஸை ஆடாமல் வைத்திருந்தது.

அங்கே எல்லாம் உத்தமம் என்று நான் சொல்ல வரவில்லை. க்ரூகரின் தலைமை முகாமுக்கு ஸ்குகூசா என்று பெயர். 1902-இல் பொறுப்பேற்ற முதல் காப்பாளர் ஸ்டீவன்சன்-ஹாமில்டனுக்கு அம்மண்ணின் மக்கள் வைத்த பட்டப்பெயர் அது. பெருக்கித் தள்ளுபவர் என்று பொருள் சொல்கிறார்கள். குடியிருந்தவர்களை வெளியேற்றித்தான் அந்தக் காடு காடானது. வடக்கே 1969-இல் துரத்தப்பட்ட மக்குலேக்கே மக்களுக்கு 1998-இல்தான் நிலம் திரும்பக் கிடைத்தது. சிங்கக் குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று அழைக்கும் பண்ணைகளும் அந்நாட்டில் உண்டு. அப்படி வளரும் குட்டிகளில் பல பின்னாளில் அடைப்புக்குள் விட்டுச் சுடப்படுவதற்குப் போகின்றன. தங்கள் பயணக் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கை இருந்திருக்கலாம்.

இப்போது கோடியக்கரைக்கு வருகிறேன். சென்ற ஜனவரியில் ஒரு காலை, வேதாரண்யம் உப்பளங்களைக் கடந்து போனால் வரும் சதுப்பு வெளியில், பூநாரைகள் ஒரு நூறு இருக்கும், தலைகீழாக அலகைத் தண்ணீருக்குள் விட்டு மேய்ந்துகொண்டிருந்தன. கரையில் பெரிய லென்ஸ்களுடன் ஐந்தாறு இளைஞர்கள் நின்றனர். சிறகை விரித்தால்தான் உள்ளே இருக்கும் சிவப்புத் தெரியும். ஆகவே ஒருவர் முழங்கால் சேற்றில் இறங்கிக் கைதட்டிக்கொண்டே ஓட, மற்றவர்கள் படமெடுத்தார்கள். பூநாரை நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும் பறவை அல்ல. தண்ணீர்மேல் பல அடி ஓடித்தான் எழ முடியும். அன்று அவற்றை மூன்று முறை ஓடவிட்டார்கள். நான் கேட்டதற்கு, 'ஆப்பிரிக்காவில் சிங்கத்தின் பக்கத்திலேயே போகிறார்கள் ஐயா, இதற்கென்ன' என்று ஒரு தம்பி பதில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். தாங்கள் எழுதியது போன்ற குறிப்புகளைப் படித்து வளர்ந்தவர் என்பது மட்டும் தெரிந்தது.

அங்கிருந்த உப்பளத் தொழிலாளி ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார். எந்தப் பாத்தியில் நீர் எவ்வளவு நின்றால் எந்தப் பறவை இறங்கும் என்று பத்து நிமிடத்தில் எனக்கு விளக்கினார். வரப்போரமாக உட்கார்ந்து அசையாமல் இருங்கள், வெயில் ஏறுவதற்குள் அவையே இந்தப் பக்கம் வரும் என்றார். வந்தன. இளைஞர்கள் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார்கள்.

கோடியக்கரை 1967-இல் சரணாலயமானது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் 2002 முதல் இருக்கிறது. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் பறவைச் சரணாலயங்களும் 2022-இல் அப்பட்டியலில் சேர்ந்தன. கோடியக்கரையில் உள்ள வெளிமானுக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பு உண்டு. சட்டத்துக்குக் குறைவில்லை. பறவையின் காலில் அடையாள வளையமிடும் ஆய்வாளர்கள் கோடியக்கரையில் வலைவிரிக்கத் தெரிந்தவர்களைத்தான் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். படம் எடுக்க வருபவர்களுக்கு மட்டும் அப்படி ஒரு துணை வேண்டாமா? உப்பளத்திலும் மீன்பிடியிலும் இருப்பவர்களில் விருப்பமுள்ளோருக்கு வனத்துறை பயிற்சியும் அடையாள அட்டையும் தந்து, காமிராவுடன் வருபவர் ஒவ்வொருவரும் அவர்களில் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்ல வேண்டும், அவர் நில் என்றால் நிற்க வேண்டும் என்று ஆக்கலாம். இதற்குத் தனியார் காப்பகமும் வேண்டாம், லட்ச ரூபாயும் வேண்டாம்.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. வனவிலங்குப் படம் வெளியிடும்போது வீரத்தைப் புகழும் குறிப்பை விட்டுவிட்டு, எவ்வளவு தூரத்திலிருந்து, எதில் அமர்ந்து, யார் காட்ட எடுத்தது என்று எழுதுங்கள். ஆண்டுதோறும் நடத்தும் புகைப்படப் போட்டியில், விரட்டி எழுப்பிய பறவையின் படத்தை ஏற்பதில்லை என்று ஒரு விதி சேருங்கள். அத்தகைய படத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல, கூட்டம் முழுவதும் காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பறக்கும்.

இக்கடிதத்துடன் நான் எடுத்த சிறுத்தைப் படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். கீழ் ஓரத்தில் மங்கலாகத் தெரியும் தொப்பி அந்தத் தடம் பார்ப்பவருடையது. அதை வெட்டிவிட வேண்டாம். அவருடைய பெயரை, மகன் மூலம் அவர் சம்மதம் பெற்று, படத்தின் பின்புறம் தமிழில் எழுதியுள்ளேன். வெளியிடத் தகுதியிருந்தால் என் பெயருக்கு முன்னால் அவர் பெயரைப் போடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மன்னார்குடி