ஏற்காடு இறக்கமும் டிஸ்க் பிரேக்கும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

சேலத்து சைக்கிள் குரூப்களில் கொஞ்ச நாளாக ஓர் ஆடியோ சுற்றுகிறது. நம் கடையில் வாங்கிய வண்டி ஏற்காடு இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை, லிவர் (கையால் அழுத்தும் பிரேக் பிடி) ஹேண்டில்பாரோடு போய் ஒட்டிக்கொண்டது, கடைக்காரர் டூப்ளிகேட் ஆயில் ஊற்றிவிட்டார் என்று ஒரு தம்பி பேசியிருக்கிறார். அவருக்கு அடி எதுவும் படவில்லை. அது பெரிய நிம்மதி.

பிரேக் பிடிக்கவில்லை என்பதை நான் மறுக்கவே இல்லை. டூப்ளிகேட் என்றாரே, அதுதான் தூங்கவிடவில்லை. அவருடையது ஷிமானோ கம்பெனியின் ஹைட்ராலிக் பிரேக், அதாவது கம்பிக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. அதற்கு மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கார், பைக்குக்கு ஊற்றும் டாட் ஆயிலை ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் கெட்டுவிடும். கெட்ட சீல் தானாகச் சரியாகாது. ஆனால் அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பிரேக் நன்றாகப் பிடித்தது என்று அதே ஆடியோவில் அவரே சொல்கிறார். ஆறியதும் சரியானால், அது சூடு செய்த வேலை. கம்பெனி சீல் உடைக்காத பாட்டில்கள் மேசை மேலேயே இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவு, ஏறக்குறைய 1,000 மீட்டர் இறக்கம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வேகமாக வந்தால் அதில் ஒரு பங்கை எதிர்க்காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து லிவரை விடாமல் லேசாக அழுத்தியபடியே மெதுவாக வந்தால் கிட்டத்தட்ட முழுவதும் 160 மில்லிமீட்டர் டிஸ்க் மேல்தான் இறங்கும், ஆற நேரமும் கிடைக்காது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் ரெசின் பேட் கண்ணாடி மாதிரி பளபளத்து வழுக்கும். மினரல் ஆயில் தண்ணீரோடு கலக்காது என்பதால், உள்ளே கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் அது தனியாகக் கீழே, பேட்களை அழுத்தும் கேலிப்பரில் தங்கி, 100 டிகிரியை ஒட்டி ஆவியாகிவிடும். ஆவியை அழுத்தினால் லிவர் உள்ளே போகும், பிரேக் பிடிக்காது. வருடம் ஒருமுறை ஆயில் மாற்றி ப்ளீட் செய்யச் (உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றச்) சொல்வது இதற்காகத்தான்.

வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், அப்புறம் முழுக்க விட்டுவிடுங்கள். லிவர் மெத்தென்று ஆனால் ஓரமாக நின்று ஆறவிடுங்கள். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், டிஸ்க் வளைந்துவிடும். எடை கூடியவர்கள், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் இடம் கொடுத்தால், முன்னால் 180 மில்லிமீட்டர் டிஸ்க் போட்டுக்கொள்வது நல்லது.

ஆடியோவைக் கேட்டுவிட்டு, "அண்ணே, விடுங்க, எங்களுக்குத் தெரியாதா" என்று போன் செய்தவர்களுக்கும், பிள்ளையின் முதல் சைக்கிளை இங்கே வாங்கிவிட்டு இன்று அந்தப் பிள்ளையின் கியர் வண்டிக்கும் இங்கேயே வருகிறவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. கடை ஓடுவது உங்களால்தான்.

மலைக்குக் கிளம்பும் முன் வண்டியை ஒரு நடை கொண்டுவந்து காட்டிவிட்டுப் போங்கள். பேட் தேய்மானம் பார்க்கக் காசு கிடையாது. அந்தத் தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் கடைக்காரர், சேலம்