சிமெண்ட் புரவி வேண்டாம், வேளாரிடமே பிடிமண் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாடு என்றாலே பெரிய வீடுகளும் ஆத்தங்குடிக் கல்லும் கண்டாங்கிச் சேலையும்தான் பத்திரிகையில் வருகின்றன. வரட்டும், கண்டாங்கிக்கு 2019-லும் மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அய்யனாருக்குப் புரவி, அதாவது சுட்ட மண் குதிரை செய்கிற வேளார்களை, அந்தக் குயவர்களை, ஏன் யாரும் கலைஞர்கள் என்று எழுதுவதில்லை?

எங்கள் ஊர்ப் புரவியைத் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம்தான் செய்கிறது. இப்போது செய்கிற அண்ணனுக்கு அறுபதை நெருங்குகிறது. கண்மாய் மண்ணை மிதித்து, மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, முதலில் நாலு காலையும் குழாய் மாதிரி எழுப்பி, அது இறுகிய பிறகுதான் வயிறு, அப்புறம் கழுத்து, தலை என்று ஏற்றுவார், அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் கால் உட்கார்ந்துவிடும். ஒரு கையை உள்ளே கொடுத்து மறுகையால் பலகை கொண்டு தட்டும்போது, சத்தத்தை வைத்தே எந்த இடத்தில் கனம் கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

இப்போது பக்கத்து ஊரில் சிமெண்டில் புரவி கட்டிவிட்டார்கள். ஒரு தடவை செலவு, அதோடு முடிந்தது என்கிறார்கள். அதுதான் என் பயமே. மண் புரவி வெயிலிலும் மழையிலும் விரிசல் விடும், உடையும், அதை யாரும் ஒட்டவைப்பதில்லை, கிடந்த இடத்திலேயே மண்ணாகப் போக விட்டுவிடுவோம். அதனால்தான் புதுப் புரவி செய்யச் சொல்லி ஊர் கூடி மறுபடி வேளாரிடம் ஒரு பிடி மண், அதாவது பிடிமண் கொடுக்கிறது, வேளார் வீட்டில் மறுபடி சூளை எரிகிறது, மகன் அப்பா கையைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். சிமெண்ட் புரவி வந்து நிலைத்துவிட்டால் அந்தப் பையனுக்கு அங்கே என்ன வேலை? புதுக்கோட்டை மாவட்டம் நமுணசமுத்திரத்தில் அய்யனார் கோயிலுக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கிற மண் குதிரைகளைப் போய்ப் பாருங்கள், பாதி உடைந்துதான் கிடக்கும், ஒவ்வொன்றும் ஒரு வேண்டுதல்.

மண் எடுக்க அலைய வேண்டியிருக்கிறது என்ற பேச்சும் இனி வேண்டாம். மண்பாண்டத் தொழிலாளர்கள் கண்மாய் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024-ல் அரசு விதியைத் தளர்த்தியிருக்கிறது. ஊர்க்காரர்களும் மனுவில் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. கூலியையும் பழைய கணக்கில் பேசாதீர்கள், மாதக்கணக்கில் ஒரு குடும்பமே உட்கார்ந்து செய்கிற வேலை அது.

எங்கள் ஊரில் வரும் ஆடியில் புரவியெடுப்பு. கண் திறந்து தோளில் தூக்கி வருகிற அன்றைக்கு எல்லோரும் படம் எடுக்க வருவார்கள். உங்கள் நிருபரை அதற்கு முன்னாலேயே, சூளை பிரிக்கிற அன்று காலையில் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி வட்டம்