வெறுமையாய்க் கிடக்கும் நம் முனை

நாகர்கோவில்,
கார்த்திகை 20

அன்புள்ள தாணு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு திண்ணை வரை நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து நிம்மதியாயிற்று. மழையால் உனக்கு ரப்பர் வெட்டு நின்று நின்று போகிறது. இங்கே கும்பப்பூ பயிர் பழுதில்லாமல் நிற்கிறது. பேத்தி கொடுத்த டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, மலையேற முடியாதவன் இனிப் பழைய கற்களை எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். கல்லூரி நாட்களில் சிதறால் மலையில் என்னை முந்திக்கொண்டு ஏறியவன் நீ என்பதால், அந்த வரியைக் கடந்துபோக எனக்குச் சற்று நேரம் பிடித்தது. இரண்டு ஆண்டுகளாக நானும் இரவுகளில் இதே வேலையாகத்தான் இருக்கிறேன்.

முதலில் மெகாலிதிக் போர்ட்டல் என்ற தளத்தைத் திறந்து பார். ஆன்டி பர்ன்ஹாம் என்பவர் பிரிட்டனில் 2001-இல் தொடங்கிய அந்தத் தளத்தில், வரலாற்றுக்கு முந்திய மக்கள் விட்டுப்போன கல்வட்டம், பலகைக் கற்களால் அறைபோல் அமைத்த கல்திட்டை, தனியே நட்ட நெடுகல் ஆகியவற்றை ஆர்வலர்களே நேரில் சென்று பார்த்து, படமெடுத்து, வரைபடத்தில் குறித்து வருகிறார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வால் பகுதியில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கிடக்கும். அதே வரைபடத்தை நகர்த்தி நம் முனைக்குக் கொண்டுவந்தால், புள்ளிகள் அருகி வெறும் நிலம்தான் தெரியும். நம் பக்கம் கல்லே நடவில்லை என்று இதைக் கண்டு முடிவு கட்டிவிடாதே. இங்கிலாந்தின் பெரிய கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சை அளந்து வரைந்து வில்லியம் ஸ்டுக்லி 1740-இல் நூலாகவே வெளியிட்டுவிட்டார். அன்று தொடங்கி அங்கே எழுதுகிற கை ஓயவில்லை. யாரோ ஒருவர் போய் நின்று எழுதிய இடத்தில்தான் புள்ளி விழுகிறது.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரின் பக்கம் இருந்ததால், பழைய குறிப்புகள் அந்தப் பெயரின் கீழேதான் புதைந்திருக்கின்றன. கன்னியாகுமரி என்று தேடிக் கைவிட்டதை, பழைய நூல்களைப் படியெடுத்து வைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் திருவிதாங்கூர் என்று தேடியபோது கண்டேன். து. அ. கோபிநாத ராவ் தொடங்கிவைத்த திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் தொகுதிகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. அவை பெரும்பாலும் கல்வெட்டுகளைப் பற்றியவை. நம் சிதறால் சமணச் சிற்பங்களும் 9-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவையே தவிர வரலாற்றுக்கு முந்தியவை அல்ல. ஆனாலும் பழைய ஊர்ப்பெயர்களையும் அவற்றை அன்று எழுதிய விதத்தையும் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாசல் இல்லை. கல்திட்டையைத் தேடும்போதும் ஒரே சொல்லோடு நின்றுவிடாதே. கேரளத்து மறையூரில் அது முனியறை. தமிழ்நாட்டில் சில இடங்களில் பாண்டவர் வீடு, சில இடங்களில் குள்ளர் வீடு. இறந்தவர்களை இட்டுப் புதைத்த முதுமக்கள் தாழியைத் தென்மாவட்டங்களில் மதமதக்கத் தாழி என்பார்கள். ஆதிச்சநல்லூரில் தோண்டிய அலெக்சாண்டர் ரீ 1915-இல் வெளியிட்ட பொருட்பட்டியலும் அதே ஆர்க்கைவில் இருக்கிறது. படப்பக்கங்களைப் பெரிதாக்கிப் பார், தாழிகளின் வாய்விளிம்பு வரை தெரியும்.

செயற்கைக்கோள் படங்களைப் பற்றியும் கேட்டிருந்தாய். கூகுள் எர்த்தும் நம் இஸ்ரோவின் புவன் என்ற வரைபடத் தளமும் போதும், ஆனால் பொறுமை வேண்டும். ஆரல்வாய்மொழிக்கு அருகே ஒரு வட்டத்தைத் திரையில் கண்டு, கல்வட்டமேதான் என்று மூன்று இரவு தூங்காமல் இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பேருந்து பிடித்துப் போனேன். காற்றாலையைக் கழற்றிக்கொண்டு போனபின் விட்டுவைத்த கான்கிரீட் அடித்தளம் அது! வீட்டில் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. மேலிருந்து பார்ப்பது எப்போதும் ஏமாற்றும் என்பதற்கில்லை. 2018-இல் அயர்லாந்தில் கடும் வறட்சி வந்தபோது, பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வயலொன்றில் மிகப் பெரிய வட்டம் ஒன்று ட்ரோன் படத்தில் தெளிந்து தெரிந்தது. மண்மூடிப்போன பழைய பள்ளங்கள் ஈரத்தைப் பிடித்துவைப்பதால், அவற்றின் மேலுள்ள பயிர் மட்டும் பச்சையாக நின்றிருக்கிறது. உன் பக்கத்திலோ ரப்பர் மரங்கள் குடைபிடித்து எல்லாவற்றையும் மறைத்துவிடுகின்றன. மரத்தை ஊடுருவி நிலத்தின் மேடுபள்ளத்தை லேசர் கதிரால் அளக்கும் லைடார் தரவை இங்கிலாந்தில் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஆகவே உன்னிடம் ஒன்று கேட்கிறேன். குலசேகரத்துத் திண்ணையில் உட்கார்ந்தபடியே நீ செய்யக்கூடியது, எந்தச் செயற்கைக்கோளாலும் முடியாதது. பால் வெட்ட வருகிறவர்களிடமும், பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணி மக்களிடமும், எந்தப் பாறைக்கு என்ன பெயர், எந்தக் கல்லருகே பிள்ளைகளைப் போகவிடாமல் தடுத்தார்கள் என்று விசாரித்து, சொன்னவர் சொன்னபடியே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவை. இடத்தைக் குறிக்கும் எண்களை மட்டும் பொதுவில் போட்டுவிடாதே. கல்லுக்கடியில் புதையல் இருக்கிறது என்று கடப்பாரையோடு வருகிறவன் நமக்கு முன்னே போய்விடுவான்.

நியூகிரேஞ்சைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா? அயர்லாந்தில் ஏறத்தாழ 5,200 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய கல்லறைமேடு அது. டிசம்பர் 21-ஐ ஒட்டிய நாட்களில் மட்டும், உதிக்கும் சூரியனின் கதிர் வாசலுக்கு மேலுள்ள சிறு திறப்பின் வழியே புகுந்து, 19 மீட்டர் நீளமான கல்வழியைக் கடந்து உள்ளறையைத் தொடும்; வெளிச்சம் நிலைப்பது 17 நிமிடம். சில ஆண்டுகளாக இதை நேரலையாகக் காட்டிவந்திருக்கிறார்கள். அங்கே காலை ஒன்பது மணி என்றால் நமக்குப் பிற்பகல் இரண்டரை. அன்று மதியச் சாப்பாட்டுக்கே குலசேகரம் வந்துவிடுகிறேன். அங்கே வானம் மூடியிருந்தால் கதிர் வராது. அப்படியானால் நோட்டுப் புத்தகத்தில் இதுவரை சேர்ந்ததை எனக்குப் படித்துக்காட்டு.

அன்புடன்,
நீலகண்டன்