விளையின் பத்திரம் பீரோவில்தான் இருக்கிறது

தக்கலை

அன்புள்ள மக்களே,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கால்வீக்கம் வற்றிவிட்டது. பேச்சிப்பாறையில் தண்ணீர் கிடக்கிறது, கும்பப்பூ நெல்லுக்குக் கஷ்டம் வராது. மழையால் ரப்பரில் பால்வெட்டு பாதி நாள் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

துணைவேந்தர் பதவிக்குத் தேடுதல் குழுவிடம் விண்ணப்பம் போட்டிருக்கிறாய் என்று தம்பி சொல்லித்தான் தெரியும். சரி, போகட்டும். பொதுப்பணித்துறை ஓவர்சியர் மகன் அந்தக் குழு அனுப்புகிற மூன்று பேர் பட்டியலில் வந்தாலே எனக்குப் பெருமைதான். அம்மா குமாரகோவிலில் நேர்ந்திருக்கிறாள்.

1986-ல் உன்னைக் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்க்க வந்தபோது அங்கே வா.செ. குழந்தைசாமிதான் துணைவேந்தர். கரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கிண்டியிலேயே நீரியல் பேராசிரியராக இருந்தவர். பெய்கிற மழையில் எவ்வளவு ஆற்றுக்கு ஓடிவரும் என்று இல்லினாய்ஸில் ஆராய்ச்சி செய்தார். அங்கே நீரியல் பேராசிரியராக இருந்த வென் டே சௌவுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையைப் பற்றி நீதான் எனக்கு விளக்கினாய். கோதையாற்றுக் கரையில் வெள்ளக்குறி பார்த்து நோட்டில் எழுதியே காலம் கழித்தவன் நான். அந்தக் கணக்குக்கு இப்படி ஒரு படிப்பு இருக்கிறதா என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

1978-ல் மதுரை, 1981 முதல் 1990 வரை அண்ணா பல்கலைக்கழகம், அப்புறம் 1994 வரை டெல்லியில் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்று மூன்று இடத்தில் துணைவேந்தர். நடுவில் 1988-ல் சாகித்ய அகாதமி விருதும் வாங்கினார். குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை வேறு. இதற்கெல்லாம் அவர் எந்த விளையை, எந்தத் தோட்டத்தை விற்றார் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

விளையின் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று தம்பியிடம் கேட்டாயாம். பீரோவில்தான் இருக்கிறது. பேத்தியின் படிப்புக்கா, வீட்டுக் கடனுக்கா? அப்படியென்றால் கூசாமல் சொல், நானே பதிவு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன். அது உனக்கும் உள்ள சொத்துதானே.

இந்தக் காலத்தில் அந்த நாற்காலிக்கே விலை இருக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். நான் பொதுவாகச் சொல்கிறேன், உன்னைச் சொல்லவில்லை. ஆனால் அப்படிப் பணம் கொடுத்து உட்காருகிறவன் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பான்? உதவிப் பேராசிரியர் வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம்தானே? அப்புறம் கட்டடக் குத்தகைக்காரனிடம். முதல் வேலைக்குப் போன இடத்தில் உன்னிடம் பணம் கேட்டபோது, சான்றிதழ் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தாயே. அம்மா அழுதாள். அன்றைக்கு நீ செய்ததை நான் இன்றுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேராசிரியர் வேலையே பெரிய வேலைதான் மக்களே. உன்னிடம் படித்தவர்கள் இந்த வழியாகப் போனால் வீட்டுக்கு வந்து என் காலைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டாலும் நேரத்துக்குச் சாப்பிடு, பிரஷர் மாத்திரையை விடாதே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணு. ஐந்து மணிக்கு அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள், அந்த நேரம் பேசலாம். பத்திரத்தைப் பற்றி இனி தம்பியிடம் கேட்காதே, என்னிடமே கேள்.

அப்பா