பென்சில் புள்ளி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே சுகமாக இருக்க நம்ம ஊர் அய்யனாரை வேண்டிக்கொள்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போன வாரம் அண்ணன், அப்பாவின் நிலத்தில் உன் பங்கை அவனுக்கு விட்டுக் கொடுக்கிற அந்த விடுதலைப் பத்திரத்தைப் பற்றிச் சொன்னபோது, "சரிம்மா, அண்ணன் சொல்றபடியே செஞ்சிடலாம், தூதரகத்துக்குப் போய் பவர் எழுதி அனுப்பிடுறேன்" என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாய். அந்த "சரிம்மா"வைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். எழுதினால் நிதானமாகச் சொல்ல முடியும்.

பாப்பா, உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. 1985-ல் உன் தாத்தா போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. மாமாக்கள் இரண்டு பேரும் வண்டி வைத்துக்கொண்டு வந்து, "ஒரு சின்ன வேலை, வந்துட்டுப் போயிரு" என்று என்னைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். உனக்கு அப்போது மூன்று வயது, என் இடுப்பில் இருந்தாய். வேப்பமரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர் கடகடவென்று எதையோ வாசித்தார். அதில் என் பெயரும் "பாத்தியதை இல்லை" என்பதும்தான் காதில் விழுந்தன. உள்ளே ஒருவர் என் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டி, தாளில் உருட்டினார். முடிந்தது. துடைக்கத் துணி தரவில்லை. நீ நழுவினாய் என்று இறுக்கிப் பிடித்தபோது அந்த மை உன் மஞ்சள் கவுனில் முதுகுப் பக்கம் அப்பிக்கொண்டது. எத்தனை முறை சோப்புப் போட்டும் போகவில்லை. சின்ன மாமா வெளியே வந்து ஒரு சேலையும் உனக்கு ஒரு பொட்டலம் காராசேவும் வாங்கிக் கொடுத்தார். நானும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தேன். எதை எழுதிக் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

மாமாக்களைக் குறை சொல்லி நான் இதை எழுதவில்லை. உனக்குக் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று எதிலும் அவர்கள் சீர் குறைத்ததில்லை. ஆனால் சீர் அவர்கள் கொடுப்பது, பங்கு எனக்கு உள்ளது. இந்த இரண்டும் வேறு என்று எனக்குப் புரிய ஆறேழு வருஷம் ஆனது.

அதைப் புரியவைத்தது அறிவொளி. 1991-ல் நம்ம புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க அந்த எழுத்தறிவு இயக்கம் வந்தது உனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கும். ராத்திரி ஏழு மணிக்கு மாரியம்மன் கோயில் கொட்டகையில் அரிக்கேன் விளக்கை வைத்து, பன்னிரண்டாவது படிக்கும் பையன் ஒருவன் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். கல் உடைத்துவிட்டு வருகிறவர்கள், கடலை பறித்துவிட்டு வருகிறவர்கள், எல்லோருக்கும் பல்பம் பிடிக்க விரல் வளையாது. என் பெயரில் நாலே எழுத்து. அதை எழுத எனக்குப் பதினோரு நாள் பிடித்தது. எழுதி முடித்த அன்று வீட்டுக்கு வந்து அடுப்புக்கரியால் சுவரில் எழுதினேன். அப்பா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்தார்.

அப்புறம் சைக்கிள். கலெக்டராக இருந்த ஷீலாராணி சுங்கத் அம்மா, பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் படிப்போடு சேர்த்துவிட்டார். லேடீஸ் சைக்கிள் யாரிடம் இருந்தது? அப்பாவின் பார் வைத்த சைக்கிளில்தான் கற்றுக்கொண்டேன். ஒன்பது வயசுப் பிள்ளை நீ, கேரியரைப் பிடித்துக்கொண்டு கண்மாய்க்கரையில் பின்னாலேயே ஓடி வந்தாய். "விட்டுறாதே, விட்டுறாதே" என்று நான் கத்தக் கத்த, ஆலமரம் தாண்டி எங்கேயோ நீ விட்டுவிட்டாய். நான் போய்க்கொண்டே இருந்தேன். வயசான ஆம்பளைகள் எங்கள் காதுபடப் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். ஆனால் அந்த வருஷத்துக்கு அப்புறம் தண்ணீர்க் குடம், நெல்மூட்டை, காய்ச்சல் பிள்ளை என்று எதற்கும் எந்த ஆம்பளையையும் எதிர்பார்த்து நாங்கள் நிற்கவில்லை.

முத்துலட்சுமி ரெட்டி அம்மாவைப் பற்றி முதலில் கேட்டதும் ஓர் அறிவொளிக் கூட்டத்தில்தான். நம்ம புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் படிக்கிற மகாராஜா கல்லூரியில் சேர ராஜாவே உத்தரவு கொடுக்க வேண்டியிருந்ததாம். டாக்டராகி, 1927-ல் சென்னை சட்டசபைக்குள் போன முதல் பெண். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1929-ல், செங்கல்பட்டில் பெரியார் கூட்டிய சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமாகச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அது சட்டமாக வந்தது 1989-ல், கலைஞர் ஆட்சியில். நடுவில் 60 வருஷம், பாப்பா. அந்த 60 வருஷத்துக்குள்தான் உன் அம்மாச்சி பிறந்து, வாழ்ந்து, ஒரு குழி நிலம்கூடத் தன் பெயரில் இல்லாமல் போய்ச் சேர்ந்தாள். என் கட்டைவிரலும் அந்த 60 வருஷத்துக்குள்தான் மையில் உருண்டது. இன்னும் நாலு வருஷம் தாத்தா உயிரோடு இருந்திருந்தாலும் எனக்குப் பலன் இல்லை. அந்தச் சட்டம் 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களுக்குப் பூர்வீகத்தில் மகனுக்குச் சமமான பங்கு இல்லை என்றது. 2005-ல் டெல்லியில் சட்டத்தைத் திருத்தி, கல்யாணம் ஆனவளோ ஆகாதவளோ மகளுக்கும் மகனுக்கும் ஒரே உரிமை என்றார்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன்பு பதிவாகி முடிந்ததை அதுவும் தொடாது. ஒவ்வொரு கதவும் நான் தாண்டிப் போன பிறகுதான் திறந்தது. உனக்கு எல்லாம் திறந்து கிடக்கிறது. 1989-ல் நீ ஏழு வயசுப் பிள்ளை.

பஞ்சாயத்துக் கதையை நீ பாதிதான் அறிவாய். 1996-ல் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்து, நம்ம ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் வந்து அப்பாவிடம்தான் பேசினார்கள். "பேருக்குத் தங்கச்சி நிக்கட்டும், வேலையை நாம பாத்துக்கலாம்." நானும் கைகூப்பிக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன், ஜெயித்தேன். ஜெயித்த மறுநாளே எல்லோரும் அப்பாவை "பிரசிடெண்ட்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நான் பிரசிடெண்ட் வீட்டம்மா.

எட்டு மாதம் அப்படித்தான் போனது. கிளார்க் மினிட் புத்தகத்தையும் செக்கையும் வீட்டுக்குக் கொண்டுவருவார். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருப்பார். கையில் மாவு இருந்தால் கழுவிவிட்டு வந்து அந்தப் புள்ளி மேல் என் நாலு எழுத்தை எழுதுவேன். அறிவொளியில் பதினோரு நாள் பாடுபட்டுக் கற்ற எழுத்தை, வாசிக்காமலே எழுதினேன். கைநாட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? மை மட்டும்தான் கையில் ஒட்டவில்லை.

1997 ஜூனில் ஒரு நாள், காலனித் தெரு அடிபம்பு ரிப்பேர் செய்ததற்கு என்று 1,800 ரூபாய்க்குச் செக் வந்தது. அன்று விடியற்காலையில்தான் சைக்கிளில் அந்த வழியாக வந்திருந்தேன். அந்தப் பம்பின் கைப்பிடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் வராத பம்பில்தானே துணி காயப்போடுவார்கள்? பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் பம்பு ஓடுதா?" என்று கேட்டேன். கிளார்க் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்த்தார். "நீ போடு, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். என் கை நடுங்கியது, பாப்பா. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் மதுரை வில்லாபுரம் கவுன்சிலர் லீலாவதியைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றிருந்தார்கள். நான் ஜெயித்த அதே 1996 தேர்தலில் ஜெயித்தவர் அவர். ஜனங்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று நின்றதற்குத்தான் அந்தக் கொலை. அப்பாவுக்கு அந்தப் பயம். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று இப்போது தெரிகிறது. நான் போடவில்லை. பம்பைப் பார்த்துவிட்டு வந்துதான் போடுவேன் என்றேன்.

மூன்று நாள் அப்பா என்னோடு பேசவில்லை. என் கையால் சாப்பிடவும் இல்லை, உன்னைத்தான் சோறு போடச் சொன்னார். நாலாம் நாள் காலையில் அவராகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போய்விட்டு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் கழித்து, "வாஷர்கூட மாத்தலை" என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு புத்தகம் வீட்டுக்கு வரவில்லை, நான் ஆபீசுக்குப் போனேன். யாராவது அவரைப் பிரசிடெண்ட் என்று கூப்பிட்டால், "அவுக உள்ள இருக்காக" என்று சொல்லிவிடுவார். 2001-ல் மறுபடி நின்று 41 ஓட்டில் தோற்றேன். அன்று ராத்திரி அவர்தான் அழுதார்.

எனக்காவது உட்கார நாற்காலி இருந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளைத் தலித்துகளுக்கு ஒதுக்கினார்கள் என்பதற்காகப் பத்து வருஷம், 2006 வரை, அங்கே தேர்தலையே ஒழுங்காக நடக்கவிடவில்லை. நம்ம காலனிப் பெண்கள் கிராமசபைக்கு வந்து பந்தலுக்கு வெளியேதான் நின்றார்கள். உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் சொல்ல இரண்டு கிராமசபை ஆனது. அந்தத் தாமதம் இன்னும் என்னை உறுத்துகிறது.

இப்போது உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. 2016-ல் சட்டமாகி, 2019 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் 2021-ல் கோட்டைக்குப் போன 234 பேரில் பெண்கள் 12 பேர்தான். மேலே போகப் போக நாற்காலி குறைகிறது. 2023-ல் டெல்லியில், சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று சட்டம் போட்டார்கள், ஆனால் மக்கள்தொகைக் கணக்கும் தொகுதி வரையறையும் முடிந்த பிறகுதான் என்று எழுதியும் வைத்தார்கள். சட்டம் வந்துவிட்டது என்று கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது எனக்கு அனுபவம். சட்டம் வாசல் வரை வரும். உள்ளே நமக்கு முன்னால் ஒருவர் பென்சிலால் புள்ளி வைத்துக் காத்திருப்பார்.

உன் அண்ணன் கெட்டவன் இல்லை. அப்பா படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் அவன்தான் தூக்கிச் சுமந்தான். தைலமரம் போட்ட மேட்டு நிலத்தை வைத்து பேங்கில் கடன் வாங்கி ஆழ்குழாய் போட நினைக்கிறான், அதற்குப் பட்டா ஒரே பெயரில் இருந்தால் லேசு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அவ சிங்கப்பூர்ல நல்லாத்தானே இருக்கா, அவளுக்கு எதுக்கு இந்தக் கட்டாந்தரை" என்கிறான். உனக்குத் தேவையா இல்லையா என்பது வேறு பேச்சு. அந்த ஆழ்குழாய்க்காக நீ பங்கை விட்டுக் கொடுப்பது என்று முடிவு செய்தாலும் நான் தடுக்க மாட்டேன். ஆனால் எவ்வளவு நிலம், எந்தச் சர்வே நம்பர், உனக்கு வருவது எவ்வளவு, எதற்காக விடுகிறாய், எல்லாம் தெரிந்து, நீயே வாசித்து, அப்புறம் செய். இரண்டாயிரம் மைல் தூரத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த படிவத்தில், அம்புக்குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடாதே. நீ எம்.காம். படித்தவள். நான் வாசிக்கத் தெரியாமல் போட்டேன், நீ வாசிக்காமல் போடலாமா?

அப்பாவின் தலைத்திவசத்துக்கு எப்படியும் வருவாய். அப்போது நாம் மூன்று பேரும் வி.ஏ.ஓ.விடம் போய் சிட்டாவை எடுத்து, வயக்காட்டில் இறங்கி வரப்பைப் பார்ப்போம். என் பங்கும் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று நானும் இன்னும் முடிவு செய்யவில்லை.

இதை உன் அண்ணனுக்குத் தெரியாமல் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அவனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டு வெகுநேரம் தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "உன் பங்குன்னு இருந்தது எந்த வயலும்மா?" என்று மட்டும் கேட்டான். மடைக்குக் கீழே, ரெட்டைப் பனை நிற்கிற வயல் என்றேன். மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் பைக்கை நிறுத்தி நுங்கு வாங்குகிற இடம். அவனுக்கு அது இத்தனை வருஷம் தெரியாது.

நாளைக் காலை ஏழரை டவுன் பஸ்ஸில் புதுக்கோட்டை போய் நானே தபாலில் சேர்க்கிறேன். கிடைத்ததும் போன் செய்.

அன்புடன்,
அம்மா