தொட்டால் ஒட்டாது

ஆசிரியருக்கு,

எனக்கு 12 ஆண்டுகளாக சொரியாசிஸ் என்ற தோல் நோய். போன வாரம் எம்ஆர்டி ரயிலில் என் முழங்கையைப் பார்த்த ஓர் அம்மா, பிள்ளையை இழுத்துக்கொண்டு எழுந்து போனார். மனசு உடைந்துவிட்டது. இது தொற்றுநோய் அல்ல. நோய் எதிர்ப்புச் சக்தி தடம் மாறுவதால், ஒரு மாதத்தில் புதுப்பிக்க வேண்டிய தோல் சில நாள்களிலேயே வளர்ந்து செதிலாக உதிர்கிறது.

களிம்பு, பத்தியம், நாட்டு மருந்து என்று அலைந்தேன். கைகொடுத்தது மண்டலே சாலை தேசிய தோல் மையத்தில் எடுத்த புற ஊதா ஒளிச் சிகிச்சைதான். எல்லாருக்கும் இதுவே பொருந்தும் என்று சொல்லமாட்டேன், மருத்துவரைக் கேளுங்கள். ஆனால் வாரத்துக்கு 3 முறை போகவேண்டும். வேலையிடத்தில் அதற்கு நேரம் கேட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. முதலாளிகளே, அந்த நேரத்தைத் தயவுசெய்து கொடுங்கள்.

வாசகி, ஈசூன், சிங்கப்பூர்